நட்சத்திர ஆட்டக்காரரை அணி விடுவிக்கும்போது: காற்பந்து கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன: ஓர் அணி தன் பெரிய ஆட்டக்காரரை விடுவிப்பது. கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்தவற்றில், மற்றவர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம். எழுதியவர்களின் ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

செந்தூல் வாசகர்: எங்கள் அணியின் முதல்நிலைத் தாக்குதல் ஆட்டக்காரருக்கு இன்னும் ஓராண்டு ஒப்பந்தம் பாக்கி இருக்கிறது என்று சொன்னார்கள். திடீரென்று ஃபேஸ்புக்கில் ‘உங்கள் சேவைக்கு நன்றி’ என்று ஒரு படம் போட்டுவிட்டார்கள். நினைத்தால் ஆளை அனுப்பிவிட முடியுமா?

முடியாது. ஃபிஃபாவின் ஆட்டக்காரர் விதிகளில் 13ஆம் விதி தெளிவாக இருக்கிறது: ஒப்பந்தம் ஒன்று காலம் முடிந்து தானாக முடிய வேண்டும், இல்லையேல் இரு தரப்பும் ஒப்புக்கொண்டு முடிக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் ஒரு தரப்பு மட்டும் முறித்துக்கொள்ளலாம் என்று 14ஆம் விதி இடம் தருகிறது. காரணம் எதுவும் இல்லாமல் பருவத்தின் நடுவே ஒரு தரப்பாக முறிப்பதை 16ஆம் விதி தடுக்கிறது.

ஆக, ‘விடுவித்தார்கள்’ என்ற ஒரே சொல்லுக்குப் பின்னால் வெவ்வேறு சங்கதிகள் இருக்கலாம். கெவின் டி புருய்ன 2025இல் மான்செஸ்டர் சிட்டியை விட்டுப் போனது ஒப்பந்தக் காலம் முடிந்ததால். கிறிஸ்டியானோ ரொனால்டோ 2022 நவம்பர் 22ஆம் தேதி மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டுப் போனது பரஸ்பர ஒப்புதலால். 2004இல் செல்சி அட்ரியான் முட்டுவை வெளியேற்றியது வேறு வகை. போதைப்பொருள் பரிசோதனையில் அவர் சிக்கினார், அணி ‘தக்க காரணம்’ என்று ஒப்பந்தத்தை முறித்தது. அந்த வழக்கில் பணம் கட்ட வேண்டியவர் ஆட்டக்காரரே ஆனார். 2008இல் ஃபிஃபா விதித்த இழப்பீடு 1 கோடியே 70 லட்சம் யூரோவுக்கும் மேல்.

கோல் அடிக்கவில்லை, புதிய பயிற்றுநருக்குப் பிடிக்கவில்லை, முழங்கால் அடிபட்டுவிட்டது என்பவை எல்லாம் தக்க காரணம் ஆகா. ஃபிஃபா தீர்ப்பாயம் இந்தக் காரணங்களைத் திரும்பத் திரும்ப நிராகரித்திருக்கிறது. ஆகவே ஓராண்டு பாக்கி இருக்கும்போது நன்றிப் படம் வந்தால், பெரும்பாலும் அதற்கு முன்பே ஒரு தாளில் இரு தரப்பும் கையெழுத்திட்டிருக்கும். அந்தத் தாள் வெளியே வராது. ரசிகர்கள் பார்ப்பது படத்தை மட்டுமே. அறிக்கையில் ‘பரஸ்பர’ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சொல் இல்லாமல், ஆட்டக்காரரின் பக்கத்தில் ஒரு வரிகூட வராமல் இருந்தால், விவகாரம் இன்னும் முடியவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

பட்டர்வொர்த் வாசகி: என் தம்பி தொழில்முறை ஆட்டக்காரன். இரண்டு மாதச் சம்பளம் வரவில்லை. ஒப்பந்தம் இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. ‘ஒரு மாதச் சம்பளம் தருகிறோம், இதில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ, வேறு அணி பார்த்துக்கொள்’ என்கிறார்கள். பேர் கெடக்கூடாது என்று அவன் போடப் பார்க்கிறான். என்ன செய்யலாம்?

அம்மா, முதல் வேலை: இன்று கையெழுத்துப் போட வேண்டாம் என்று தம்பியிடம் சொல்லுங்கள். ‘வீட்டில் காட்டிவிட்டுத் தருகிறேன்’ என்று தாளை வாங்கி வரட்டும். தாளைத் தர மறுத்தால், அதுவே தாளின் தன்மையைச் சொல்லிவிடும். கைப்பேசியில் படமாவது எடுத்துக்கொள்ளட்டும்.

அந்தத் தாள் வழக்கமாக ஒன்றரைப் பக்கம் இருக்கும். முதல் பத்தியில் ஒப்பந்த எண்ணும் தேதியும். இரண்டாவதில் ‘இரு தரப்பும் சுய விருப்பத்தின் பேரில்’ என்ற வரி. மூன்றாவதில் தொகை. இவற்றுக்குக் கீழே, யாரும் நின்று படிக்காத இடத்தில், ‘இத்துடன் இரு தரப்புக்கும் இடையே எந்தக் கோரிக்கையும் நிலுவையும் இல்லை’ என்று ஒரு வரி இருக்கும். தம்பியின் இரண்டு மாதப் பாக்கி, ஒன்பது மாத மீதி, கோல் போனஸ், வீட்டு வாடகைப் படி, அணி செலுத்தாமல் விட்ட இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) எல்லாவற்றையும் அந்த ஒரு வரி விழுங்கிவிடும். பிறகு எந்தத் தீர்ப்பாயத்துக்குப் போனாலும் முதலில் காட்டப்படுவது அந்த வரியும் அதன் கீழே உள்ள கையெழுத்தும்தான்.

தொகையைப் போட்டுப் பார்த்தால் புரியும். கணக்குக்காகச் சம்பளம் மாதம் 12,000 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 24,000. மீதி ஒன்பது மாதத்தின் மதிப்பு 1,08,000. தம்பி உடனே வேறு அணியில் 8,000 ரிங்கிட்டுக்குச் சேர்ந்து, அந்த ஒன்பதில் ஏழு மாதம் ஆடினால் 56,000 கிடைக்கும். இழப்பீடு கணக்கிடும்போது அதைக் கழிப்பார்கள். எஞ்சுவது 52,000. பாக்கியையும் சேர்த்தால் 76,000. அணி நீட்டுவது 12,000. பேரம் பேசி இறங்கி வருவதில் தவறில்லை, வழக்கு இழுக்கும், மன அமைதிக்கும் ஒரு விலை உண்டு. ஆனால் எதிலிருந்து இறங்குகிறோம் என்று தெரிந்து இறங்க வேண்டும்.

சட்டப்படி தம்பியின் கையில் இருப்பது ஃபிஃபா விதிகளின் 14பிஸ் பிரிவு. 2018இல் சேர்க்கப்பட்டது. இரண்டு மாதச் சம்பளம் உரிய தேதியில் வராவிட்டால், ஆட்டக்காரர் எழுத்தில் அறிவித்து, முழுத் தொகையையும் கட்டக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும். அதற்குள் கட்டவில்லை என்றால் தக்க காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். உள்நாட்டு ஆட்டக்காரர்–உள்நாட்டு அணி விவகாரம் மலேசியக் காற்பந்து சங்கத்தின் அமைப்புகளுக்கே போகும், நேரே ஃபிஃபாவுக்குப் போகாது. அதனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கங்களில் தகராறு எங்கே தீர்க்கப்படும், சம்பளப் பாக்கிக்கு எத்தனை நாள் அவகாசம் என்று எழுதியிருப்பதை முதலில் படியுங்கள். அதில் 15க்கும் கூடுதலாகப் போட்டிருந்தால் கூடுதலையே கொடுப்பது பாதுகாப்பு.

அறிவிப்புக் கடிதம் நீளமாக வேண்டாம். எந்த மாதம், எவ்வளவு, எந்தத் தேதியில் வந்திருக்க வேண்டும், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று ஒவ்வொரு மாதத்துக்கும் தனி வரி. பகுதியாக ஏதாவது வந்திருந்தால் அதைக் கழித்துக் காட்டுங்கள். வங்கிக் கணக்கு எண்ணைக் கட்டாயம் போடுங்கள்; ‘எங்கே கட்டுவது என்று தெரியவில்லை’ என்ற சாக்குக்கு இடம் கொடுக்கக்கூடாது. கடைசித் தேதியை ‘15 நாளுக்குள்’ என்று விடாமல் நாள், மாதம், ஆண்டோடு எழுதுங்கள். ஒப்பந்தத்தில் உள்ள அதிகாரபூர்வ மின்னஞ்சலுக்கு அனுப்பி, அதே நாளில் போஸ் மலேசியா பதிவுத் தபாலிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் மேலாளருக்கு அனுப்பியது மட்டும் போதாது; துணைச் சான்றாக இருக்கட்டும்.

இதில் ஆட்டக்காரர்கள் சறுக்கும் இடங்கள் சில உண்டு. அதிகம் நடப்பது, கோபத்தில் பயிற்சிக்குப் போகாமல் இருப்பது. அவகாசம் முடியும்வரை தம்பி ஒரு பயிற்சியையும் தவறவிடக்கூடாது. போகாவிட்டால் ‘பணியை விட்டுப் போனது அவர்தான்’ என்று கதை திரும்பிவிடும். அடுத்தது, 10 நாள் அவகாசம் கொடுத்துவிடுவது. ஃபிஃபா விதிகளில் 12பிஸ் என்று இன்னொரு பிரிவு இருக்கிறது. 30 நாளுக்கு மேல் பாக்கி வைத்த அணியைத் தண்டிக்கக் கேட்பதற்கான பிரிவு அது. அதற்கான அறிவிப்பு 10 நாள். இரண்டையும் குழப்பி 10 நாளில் ஒப்பந்தத்தை முறித்தவர், சம்பளம் வராதவராக இருந்தும் விதி மீறியவராக நிற்க நேரிடும். மூன்றாவது, பதினான்காம் நாள் அணி ஒரு மாதத் தொகையை மட்டும் போடும்போது, எல்லாம் தீர்ந்ததைப் போல நன்றி சொல்லிப் பதில் அனுப்புவது. ‘பகுதித் தொகை பெற்றுக்கொண்டேன், மீதி இவ்வளவு, அறிவிப்பு தொடர்கிறது’ என்று உடனே எழுத வேண்டும். அவகாசம் முடிந்த பிறகு வாரக்கணக்கில் சும்மா இருப்பதும் கூடாது. முறிப்பதாக இருந்தால் முறிப்புக் கடிதத்தை உடனே அனுப்ப வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு சமரசமாகவே போவது என்று முடிவெடுத்தால், தாளை மாற்றி எழுதச் சொல்லுங்கள். தொகை வரி, இபிஎஃப் போன்ற கழிவுக்கு முன்பா பின்பா என்று இருக்க வேண்டும். தவணை என்றால் ஒவ்வொரு தவணைக்கும் தேதி, ஒரு தவணை தவறினால் மீதி முழுதும் உடனே கட்ட வேண்டும் என்ற வரி, தாமதத்துக்கு வட்டி, இவை மூன்றும் வேண்டும். ‘கோரிக்கை எதுவும் இல்லை’ என்ற வரியை, ‘மேற்கண்ட தொகை முழுதும் செலுத்தப்பட்ட பிறகே’ என்று தொடங்கச் சொல்லுங்கள். அந்த ஐந்து சொற்களுக்காகப் பிடிவாதம் பிடிப்பது தகும். தவணை எண்ணிக்கை குறைவாக இருப்பது நல்லது. 2023 பருவத்துக்கு மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டும் சம்பளப் பாக்கியால் உரிமம் கிடைக்காமல் லீக்கிலிருந்தே வெளியே போயின. அணி போய்விட்டால் பத்தாவது தவணையை யாரிடம் கேட்பது?

இபிஎஃப்பை மறக்க வேண்டாம். அதன் இணையக் கணக்கான ஐ-அக்கவுன்டைத் திறந்து மாதாமாதம் பாருங்கள். ஆட்டக்காரரின் பங்கு 11 விழுக்காடு. முதலாளி பங்கு 5,000 ரிங்கிட் வரை 13, அதற்கு மேல் 12 விழுக்காடு. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் வந்திருக்க வேண்டும். சம்பளச் சீட்டில் 11 விழுக்காடு பிடித்திருந்தும் கணக்கில் வரவில்லை என்றால், அதை இபிஎஃப் அலுவலகத்திலேயே தனியாகப் புகார் செய்யலாம். சமரசத் தாளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

இன்னொரு தேதி: தொழில் உறவுச் சட்டம் 1967, பிரிவு 20இன்படி நியாயமற்ற பணிநீக்கம் என்று முறையிட, நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்தான். காற்பந்து சங்கத்தில் பேச்சு நடக்கிறது என்பதற்காக அந்த 60 நாள் நிற்காது. எந்த வழி தம்பிக்குப் பொருந்தும் என்பதை அந்த நாள்கள் ஓடிவிடுவதற்குள் ஒரு வழக்கறிஞரிடமோ மலேசியத் தொழில்முறைக் காற்பந்து ஆட்டக்காரர் சங்கத்திடமோ கேட்டுவிடுங்கள். பேர் கெடும் என்ற பயம் புரிகிறது. சம்பளத்தை எழுத்தில் கேட்பதால் ஓர் ஆட்டக்காரரின் பேர் கெடுவதில்லை, கெடக்கூடாது.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: வெளிநாட்டு நட்சத்திரத்தைப் பருவத்தின் பாதியில் சும்மா விட்டுவிடுகிறார்கள். வேறு அணிக்கு விற்றால் பணம் வருமே?

விற்க வேண்டுமானால் வாங்க ஆள் வேண்டும். முப்பது வயது தாண்டிய, மாதம் பெரிய சம்பளம் வாங்கும் ஒருவருக்கு மாற்றுத் தொகையும் (ஆளை வாங்கப் பழைய அணிக்குக் கட்டும் பணம்) கொடுத்து அதே சம்பளத்தையும் ஏற்கும் அணி நம் வட்டாரத்தில் அரிது. அணி பார்ப்பது வேறு கணக்கு. மாதம் 60,000 ரிங்கிட், ஒப்பந்தத்தில் இன்னும் எட்டு மாதம் இருக்கிறது என்றால் 4,80,000. நான்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்து அனுப்பினால் 2,40,000 மிச்சம்; அடுக்குமாடி வாடகை, கார், விமானச் சீட்டு தனி. ஆட்டக்காரருக்கும் வேறு நாட்டில் இடம் கிடைத்துவிட்டால் நான்கு மாதப் பணம் கூடுதல் வரவு. இரு தரப்பும் சிரித்துக்கொண்டே கைகுலுக்குவது இதனால்தான்.

அதைவிட முக்கியம், வெளிநாட்டு ஆட்டக்காரர் இடம். அந்த எண்ணிக்கைக்கு வரம்பு இருப்பதால், ஆடாத ஒருவர் பட்டியலில் இருப்பது ஆடக்கூடிய இன்னொருவரை வெளியே நிறுத்துவதாகும். ஆனால் பதிவுக் காலம் (புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்ய அனுமதிக்கும் காலம்) மூடிய பிறகு விடுவித்தால் இடம் காலியாகும், நிரப்ப முடியாது. ஓராண்டில் இரண்டு பதிவுக் காலங்கள், இரண்டும் சேர்ந்து 16 வாரத்தைத் தாண்டக்கூடாது. ஆகவே நல்ல நிர்வாகம் பதிவுக் காலம் திறப்பதற்கு முன்பே பேச்சைத் தொடங்கி, முதல் வாரத்தில் கையெழுத்தை முடிக்கும். கடைசி நாளில் முடிப்பவர்கள் அவசரத்தில் கூடுதலாகக் கொடுப்பார்கள்.

விடுவிக்கப்பட்ட வெளிநாட்டவர், ‘அணி என் கடைசிப் பணத்தைப் பிடித்து வைத்திருக்கிறது’ என்று இன்ஸ்டாகிராமில் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சில நேரம் அது உண்மையான பாக்கி. சில நேரம் வரி. வெளிநாட்டு ஊழியர் நாட்டை விட்டுப் போகும்போது முதலாளி 30 நாளுக்கு முன் சிபி21 பாரத்தை உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும். வரித் தீர்வுக் கடிதம் வரும்வரை, அல்லது பாரம் போய்ச் சேர்ந்து 90 நாள் ஆகும்வரை, அவருக்குரிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும். 182 நாள் தங்காதவர் குடியிருப்பாளராகக் கருதப்படாமல் 30 விழுக்காடு வரி கட்ட நேரலாம் என்பதால், பாதிப் பருவத்தில் போகிறவருக்குக் கையில் வருவது நினைத்ததைவிடக் குறையும். இதைக் கையெழுத்துக்கு முன்பே சொல்லாத அணி, பிறகு வீண் பகையைச் சம்பாதிக்கிறது.

ஆயர் ஈத்தாம் வாசகர்: ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கும் ஆட்டக்காரர் போட்டி அணியோடு பேசுவது துரோகம் இல்லையா?

விதிப்படி அனுமதி உண்டு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதமோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் அவர் வேறு அணியோடு ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். பேச்சைத் தொடங்கும் முன் புதிய அணி பழைய அணிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் தொடுத்த வழக்கில் 1995 டிசம்பர் 15ஆம் தேதி ஐரோப்பிய நீதிமன்றத்தில் வந்த தீர்ப்புக்குப் பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு மாற்றுத் தொகை கேட்கும் வழக்கம் ஒழிந்தது. அதன் தொடர்ச்சியே இது. ஆறு மாதத்துக்கு முன்பே புதுப்பிப்புப் பேச்சை முடிக்காத நிர்வாகத்தின் மேல்தான் எங்களுக்கு வருத்தம்.

இதோடு சேர்ந்த ஒரு பழைய நோய்: காலம் முடிந்த தொழில்முறை ஆட்டக்காரரிடம் ‘விடுவிப்புக் கடிதம் வேண்டுமானால் இவ்வளவு கட்டு’ என்று கேட்பது. ஒப்பந்தம் முடிந்த பிறகு அவரைப் பிடித்து வைக்கும் உரிமை அணிக்குக் கிடையாது. அப்படிக் கேட்டால் பணம் கட்டாதீர்கள்; ‘எழுத்தில் கேளுங்கள்’ என்று சொல்லி, வரும் பதிலைச் சங்கத்துக்கு அனுப்புங்கள்.

ஜார்ஜ்டவுன் மாணவர்: மெஸ்ஸி சம்பளத்தைப் பாதியாகக் குறைக்கச் சம்மதித்தும் பார்சலோனா ஏன் விட்டது?

தம்பி, ஒப்பந்தம் ஒரு விஷயம், பதிவு இன்னொரு விஷயம். மெஸ்ஸியின் பழைய ஒப்பந்தம் 2021 ஜூன் 30ஆம் தேதி முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சட்டப்படி புதிய ஆட்டக்காரர். ஸ்பெயினின் முதல்நிலை லீக்கான லா லீகா ஒவ்வோர் அணிக்கும் சம்பளச் செலவு வரம்பு வைத்திருக்கிறது. பார்சலோனா ஏற்கெனவே அந்த வரம்பைத் தாண்டியிருந்தது. பாதிச் சம்பளத்தில்கூட அவரைப் பதிவு செய்ய இடம் இல்லை. ஆகஸ்ட் 5ஆம் தேதி அறிவித்தார்கள், 10ஆம் தேதி அவர் பாரிஸில் கையெழுத்திட்டார். ஜூன் 30க்கு முன்பே சம்பளப் பட்டியலைக் குறைத்திருக்க வேண்டும் என்பதே அதில் அணி நிர்வாகங்கள் பார்க்க வேண்டிய இடம்.

செராஸ் வாசகர்: விலக மறுக்கும் ஆட்டக்காரரைத் தனியே ஓடவிடுகிறார்கள், அணியோடு சேர்ப்பதில்லை. இது சரியா?

சரியில்லை. ஒப்பந்தத்தை முறிக்கவோ மாற்றவோ வற்புறுத்தும் நோக்கில் ஒரு தரப்பு முறைகேடாக நடந்துகொண்டால், மற்றத் தரப்பு தக்க காரணத்தோடு முறித்துக்கொள்ளலாம் என்று 14ஆம் விதியின் இரண்டாம் பத்தி சொல்கிறது. ஆனால் எல்லாத் தனிப் பயிற்சியும் முறைகேடு ஆகாது. அடிபட்டு மீள்பவருக்கும், இரண்டு வாரம் ஃபார்ம் இழந்தவருக்கும் தனித் திட்டம் இருப்பது இயல்பு. கால அளவு, காரணம், வசதி மூன்றையும் பார்ப்பார்கள். வாரக்கணக்கில், மருத்துவக் காரணம் இல்லாமல், பயிற்றுநரோ திடலோ உடைமாற்றும் அறையோ இல்லாமல், முதல் அணி வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் நீக்கி வைத்தால் அது வற்புறுத்தல்.

சான்று சேர்ப்பது எளிது, நாள் தவறாமல் செய்ய வேண்டும். தினமும் எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு வரச் சொன்னார்கள், யார் பயிற்சி கொடுத்தார்கள் என்று இரண்டு வரி. அட்டவணையின் படம். பத்து நாளுக்கு ஒருமுறை, ‘முதல் அணியோடு பயிற்சி செய்யத் தயாராக இருக்கிறேன்’ என்று ஒரு பணிவான மின்னஞ்சல். பதில் வராததும் சான்றே. வெளிநாட்டு ஆட்டக்காரரின் பெயரைப் பதிவிலிருந்தே எடுத்துவிட்டு ‘சம்பளம் தருகிறோமே’ என்று சொல்லும் அணிகளும் உண்டு. போட்டியில் ஆடத் தகுதியோடு இருப்பது ஆட்டக்காரரின் உரிமை. பதிவை நீக்குவது அந்த உரிமையைப் பறிப்பது என்றே ஃபிஃபா தீர்ப்பாயம் பார்த்து வந்திருக்கிறது.

வெளிநாட்டவர் ஃபிஃபா தீர்ப்பாயத்துக்குப் போனால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். தீர்ப்புத் தொகையை அணி 45 நாளுக்குள் கட்டாவிட்டால் புதிய ஆட்டக்காரரைப் பதிவு செய்யத் தடை வரும், மூன்று பதிவுக் காலம் வரை. ஒரு நட்சத்திரத்தை முரட்டுத்தனமாக அனுப்பிய அணி அடுத்த ஆண்டு ஆள் எடுக்க முடியாமல் நிற்பது இப்படித்தான்.

செலாயாங் வாசகர்: நாங்கள் ஒரு சிறு காற்பந்து கிளப் நடத்துகிறோம், நம் பிள்ளைகளே அதிகம். எங்களிடம் 12 வயது முதல் ஆடியவன் இப்போது பெரிய ஆட்டக்காரன். அவனை அணி விடுவித்தால் எங்களுக்கு ஏதாவது வருமா?

விடுவித்தால் வராது, விற்றால் வரலாம். வெளிநாட்டு அணிக்கு மாற்றுத் தொகையோடு போகும்போது, அந்தத் தொகையில் 5 விழுக்காடு ஒதுக்கி, 12 முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 12 முதல் 15 வயது வரையிலான ஒவ்வொரு பருவத்துக்கும் அந்த ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு, 16 முதல் 23 வரை ஒவ்வொன்றுக்கும் 10 விழுக்காடு. பத்து லட்சம் ரிங்கிட் மாற்றுத் தொகை என்றால் ஒதுக்கீடு 50,000. அவன் 12 முதல் 15 வரை நான்கு பருவமும் உங்களிடம் இருந்தால் உங்கள் பங்கு 10,000. ஒரு பருவத்துக்கான காலணிகளும் பந்துகளும் வாங்கலாம். தொகை இல்லாமல் விடுவித்தால், பூஜ்ஜியத்தில் 5 விழுக்காடு பூஜ்ஜியமே.

பயிற்சி இழப்பீடு என்று இன்னொன்று இருக்கிறது, முதன்முதலாகத் தொழில்முறை ஒப்பந்தம் போடும்போதும் 23 வயது ஆண்டு வரையிலான மாற்றங்களின்போதும். பழைய அணி தக்க காரணமில்லாமல் ஒப்பந்தத்தை முறித்திருந்தால் அந்த அணிக்கு அது கிடைக்காது.

உங்களுக்கு முக்கியமானது பதிவு. பையன் உங்களிடம் ஆடினான் என்பதற்குக் கோப்பைப் படங்களும் செய்தித்தாள் துண்டுகளும் போதா. கிளப் சங்கத்தோடு முறையாக இணைந்திருக்க வேண்டும், அவன் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை உங்கள் பெயரில் பதிவாகியிருந்தான் என்பது ‘ஆட்டக்காரர் கடவுச்சீட்டு’ எனப்படும் ஆவணத்தில் வர வேண்டும். 2022 நவம்பர் முதல் ஃபிஃபாவின் தீர்வு மையம் அந்த ஆவணத்தைப் பார்த்தே பணத்தைப் பிரிக்கிறது. நம் சிறு கிளப்புகள் பல, லீக்கில் ஆடும் ஆண்டுக்கு மட்டும் பதிவு செய்துவிட்டு மற்ற ஆண்டுகளை விட்டுவிடுகின்றன. பிள்ளைகளுக்கு ஊற்றிய உழைப்பு தாளில் இல்லாமல் போவது மனத்தை அறுக்கிறது. இந்த ஆண்டு உங்களிடம் இருக்கும் 12 வயதுப் பிள்ளைகள் அத்தனை பேரையும், பிறப்புச் சான்றிதழில் உள்ள எழுத்துக்கூட்டல் மாறாமல், பதிவு செய்துவிடுங்கள். பெயரில் ‘த/பெ’ வரும் இடத்தில் ஓரெழுத்து வேறுபட்டாலே ஒரே பையன் இரண்டு ஆளாகப் பதிவாகிவிடுவான்.

பாயான் பாரு வாசகி: மகனுக்கு நட்சத்திரத்தின் பெயர் அச்சிட்ட ஜெர்சி வாங்கி இரண்டே வாரம், அவரை விடுவித்துவிட்டார்கள். பெயரை எடுத்துவிட முடியுமா?

எப்படி அச்சிட்டார்கள் என்பதைப் பொறுத்தது. விரலால் தடவும்போது எழுத்து மேடாகத் தெரிந்தால் அது வெப்பத்தால் ஒட்டிய படலம். அச்சிட்ட கடையிலேயே சூடுபடுத்தி உரித்துத் தருவார்களா என்று கேட்கலாம். பசைத் தடமும், எழுத்து இருந்த இடத்தில் நிற வேறுபாடும் மிஞ்சும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் முயல வேண்டாம், பாலியெஸ்டர் உருகிப் பளபளப்புத் தட்டிவிடும். துணியோடு துணியாக, மேடே இல்லாமல் இருந்தால் சாயம் இழைக்குள் போய்விட்டது, எடுக்கவே முடியாது. கேட்டு வாங்கிய பெயர் என்பதால் பணத்தைத் திரும்பக் கேட்பதும் கடினம்.

மகன் அழாமல் இருந்தால் அப்படியே போடட்டும். முகமது ஃபைஸ் சுப்ரி பினாங்குக்காக 2016 பிப்ரவரி 16ஆம் தேதி பகாங்குக்கு எதிராக அடித்த ஃப்ரீ கிக்குக்கு, சிறந்த கோலுக்கு ஃபிஃபா தரும் புஷ்காஷ் விருது அந்த ஆண்டு கிடைத்தது. அந்த ஆண்டு வாங்கிய அவர் பெயர் போட்ட ஜெர்சி வைத்திருப்பவர் அதை இன்று எடுத்துப் போட்டால் யாரும் பழசு என்று சொல்லமாட்டார்கள்.

கெப்போங் வாசகர்: முழங்கால் தசைநார் அறுந்த ஆட்டக்காரரை ‘குணமானதும் பார்க்கலாம்’ என்று விடுவிக்க நினைக்கிறார்கள். அவர் என்ன கேட்க வேண்டும்?

காயம் தக்க காரணம் இல்லை. ஒப்பந்தம் முடியும்வரை சம்பளம் உண்டு. அதனால் விலகச் சம்மதித்தால், அறுவைச் சிகிச்சைச் செலவு, உடலியக்கச் சிகிச்சை எத்தனை மாதம், யார் கட்டுவது என்பவை சமரசத் தாளில் வர வேண்டும். முன் தசைநார் என்றால் திரும்ப ஆட ஒன்பது மாதம் வரையோ அதற்கு மேலோ ஆகும். மூன்று மாதச் சிகிச்சைக்குச் சம்மதித்தால் மீதி அவர் பையிலிருந்து போகும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு (சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) அறிவித்தாரா என்று கேட்டு, அந்தப் பாரத்தின் நகலை வாங்கச் சொல்லுங்கள். எம்ஆர்ஐ படங்களைக் குறுவட்டோடும் அறிக்கையோடும் வாங்கிக்கொள்ள வேண்டும். அணி மருத்துவரிடம் இருக்கட்டும் என்று விட்டால், விலகிய பிறகு கிடைப்பது கடினம். புதிய அணி எப்படியும் அதைத்தான் முதலில் கேட்கும். கேட்டுப் பரிசோதித்த பின்னரே கையெழுத்திட வேண்டும். கையெழுத்திட்டுவிட்டு ‘மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் ஒப்பந்தம் செல்லும்’ என்று நிபந்தனை வைக்க ஃபிஃபா விதியில் இடமில்லை.